டோமஹாக் தலை ஆடுகிறதா? முதலில் ஆப்பைக் கீழே வையுங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் சுத்தியல் காம்பைப் பற்றி நான்கு வரி எழுதப்போக, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் காம்புக் கடிதங்கள்தான். அதிலும் கனடா, அமெரிக்காப் பக்கமிருந்து வந்தவை எல்லாம் ஒரே சாமானைப் பற்றி: டோமஹாக், அதாவது வட அமெரிக்கப் பழங்குடி மக்களிடமிருந்து வந்த சின்னக் கைக்கோடாலி. எனவே குக்கர் கைப்பிடிக்காரர்களும் தையல் மெஷின்காரர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு ஒரு டோமஹாக் வாங்கிக் கொடுத்தோம். பின்வளவில் மரக்குற்றியை நிறுத்தி அதில் எறிந்து பழகுகிறான். இரண்டு கிழமைக்குள் இரும்புத் தலை லொடலொடவென்று ஆடத் தொடங்கிவிட்டது. ஊரில் அப்பா கோடாலிக்குச் செய்கிற மாதிரிக் காம்பின் அடியைத் தரையில் ஓங்கிக் குத்தினேன். இறுகுவதற்குப் பதிலாகத் தலை கழன்று காலடியில் விழுந்தது. ஆப்பு அடிக்கலாம் என்று பார்த்தால் காம்பின் மேல் முனையில் அதற்கான பிளவே இல்லை. பழுதான சாமானைத் தந்துவிட்டார்களா, அண்ணை? (ஒரு தகப்பன், ஸ்காபரோ)

பதில்: சாமானில் பழுதில்லை. சொல்லப்போனால், அடியைக் குத்தியதும் தலை கழன்று விழுந்ததே அது முறையாகச் செய்த டோமஹாக் என்பதற்கு அத்தாட்சி. கால்விரல் தப்பியதே, அதுவரைக்கும் நல்லது.

உங்கள் அப்பா வைத்திருந்த மாதிரிக் கோடாலிக்கும் இதற்கும் காம்பு மாட்டுகிற திசையே வேறு. அந்தக் கோடாலியில் காம்பு கீழிருந்து துளைக்குள் ஏறும், மேல் முனையில் ஒரு பிளவு இருக்கும், அதில் ஆப்பை இறக்கினால் மரம் விரிந்து இரும்பை நெருக்கிப் பிடிக்கும். டோமஹாக்கில் நேர்மாறு. கை பிடிக்கிற மெல்லிய முனையை மேல்பக்கத்திலிருந்து துளைக்குள் விட்டு முழுக் காம்பையும் கீழே இழுக்க வேண்டும். தடித்த மேல் முனை துளையில் வந்து சிக்கி நின்றுவிடும். துளையும் மேலே ஒரு சொட்டு அகலம், கீழே ஒரு சொட்டு குறுகல். ரோடு வேலை செய்கிறவர்களின் பிக்காசைப் பார்த்திருப்பீர்கள், அதே ஏற்பாடுதான். வீசும்போது தலை கையைவிட்டு வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கிறது, அந்தப் பக்கம் காம்பு தடிப்பாக இருக்கிறது, ஆகவே வீச வீச இறுகும். ஆப்புக்கோ ஆணிக்கோ இதில் இடமே கிடையாது. பிளவு இல்லாதது அதனால்தான்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டால், அந்த ஆயுதம் வளர்ந்த கதையைப் பார்த்தால் போதும். டோமஹாக் என்ற சொல்லே வர்ஜீனியாவில் இருந்த பவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து 1600-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் போனது. முதலில் கல்லும் மரமுமாக இருந்ததை, ஐரோப்பியர் வந்து வியாபாரம் தொடங்கியபின் இரும்புத் தலை பிடித்துக்கொண்டது. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் முக்கியமானது தலைதான். அதைக் கப்பலிலும் படகிலும் மூட்டையாகக் கட்டி ஏற்றலாம். காம்பு போகிற இடத்துக் காட்டில் கிடைக்கும். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தை ஆராயக் கிளம்பிய லூயிஸும் கிளார்க்கும் 1804-05 குளிர்காலத்தை இன்றைய வட டகோட்டாவில் மாண்டன் மக்களுக்குப் பக்கத்தில் கழித்தபோது, அவர்களுடன் போன ஜான் ஷீல்ட்ஸ் என்பவர் கொல்லுலை போட்டு இரும்புக் கோடாலித் தலைகளாக அடித்துக் கொடுத்து மக்காச்சோளம் வாங்கியிருக்கிறார். அந்தக் குளிரில் அவர்கள் வயிறு நிறைந்தது அப்படித்தான். காம்பு உடைந்தால் காட்டில் ஒரு கொம்பை வெட்டி, இடுப்புக் கத்தியாலேயே சீவி மேலிருந்து இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆப்பு செதுக்க வேண்டாம், பிளவு போட மரம் அறுக்கும் வாளும் வேண்டாம்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். தலையைக் காம்பின் அடிப்பக்கமிருந்து ஏற்றி மேலே கொண்டுபோங்கள். அப்புறம் டோமஹாக்கைத் தலைகீழாகத் திருப்பி, துளைக்கு மேலே நீண்டிருக்கும் காம்பு நுனியை ஒரு மரக்கட்டையின்மேல் நான்கைந்து தடவை நன்றாகக் குத்துங்கள். காம்பு நின்றுவிடும், கனமான தலை கீழ்நோக்கி, அதாவது தடித்த பக்கம் நோக்கி, நகர்ந்து இறுகும். கட்டை இல்லாவிட்டால் டோமஹாக்கை நேராகப் பிடித்துக்கொண்டு அதே நுனியில் கொட்டாப்புளியால் தட்டலாம். இரும்புச் சுத்தியல் வேண்டாம், நுனி நார்நாராகப் பிரிந்துவிடும். நீங்கள் செய்தது கழற்றுகிற வழி. அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான், காம்பு மாற்றும்போது உதவும்.

எறிகிற டோமஹாக் அவ்வப்போது தளர்வது இயல்பு. வெட்டுவாய் கட்டையில் பதியாமல் காம்பின் அடி போய் இடிக்கிறதே, அந்த ஒவ்வொரு இடியும் நீங்கள் தரையில் குத்தியதற்குச் சமம். தலையைக் கீழே தள்ளிவிடும். தலை அப்படி நகர்ந்து கொடுப்பதால்தான் பல நேரம் காம்பு உடையாமல் தப்பிக்கிறது. ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: கட்டையிலிருந்து பிடுங்கி எடுக்கும்போதெல்லாம் தலையைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும், ஆடினால் நுனியைக் கட்டையில் இரண்டு தட்டு. வேறொருவர் முன்னால் நிற்கும்போது எறிவதே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

இறுக்கிய பிறகும் பத்து எறிக்குள் மறுபடி ஆடுகிறது என்றால்தான் காம்பைத் திருத்த வேண்டும். கடைக் காம்புகள் மெஷினில் ஒரே அளவாகக் கடைந்தவை. தலையோ அடித்துச் செய்தது, துளைக்குத் துளை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அதனால் மரம் துளையின் சுவர் முழுக்கப் படாமல் ஓரிரண்டு மேட்டில் மட்டும் பட்டுக்கொண்டு நிற்கும். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்றால் ஆடுமே, அதுபோல. எங்கே படுகிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வீட்டிலேயே ஒரு சாமான் இருக்கிறது: கண்மை. மனைவியிடம் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுத்தால் வருகிற விளைவுக்கு நான் பொறுப்பல்ல. கண்மை இல்லாவிட்டால் விளக்குக் கரியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தாலும் போதும்.

ஆனால் மை பூசுவதற்கு முன் துளைக்குள் விரலை விடாமல், டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கட்டி, அடிக்கும்போது உண்டான பிசிறு, கூரான விளிம்பு எல்லாம் இருக்கும். அரைவட்ட அரத்தால் அவற்றை ராவி எடுத்துவிடுங்கள். துளையின் கீழ் விளிம்பை மட்டும் கொஞ்சம் அதிகமாக மழுக்குங்கள். அந்த விளிம்பு கூராக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் காம்பைக் கத்தி மாதிரி அறுக்கும், காம்பு முறிவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அப்புறம் துளையின் உள்சுவர் முழுக்க மையை மெல்லிசாகத் தடவி, காம்பை இறக்கி, இரண்டு தட்டு தட்டி, கழற்றிப் பாருங்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடமெல்லாம் மேடு. அந்த இடத்தை மட்டும் அரத்தால் லேசாக ராவுங்கள், அல்லது உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டுங்கள். பழைய ஆசாரிமார் காம்பைக் கண்ணாடியால்தான் நயப்படுத்துவார்கள், கைக்குத் துணி சுற்றிக்கொண்டு செய்யுங்கள். மறுபடி மை, மறுபடி இறக்கு, மறுபடி கழற்று. ஏழெட்டு தடவையாவது ஆகும். அலுத்துப்போய் உப்புத்தாளைச் சுற்றிக் காம்பு முழுக்கத் தேய்த்துவிடத் தோன்றும், அங்கேதான் எல்லோரும் கெடுக்கிறார்கள்: மேடும் குறையும் பள்ளமும் குறையும், ஆட்டம் அப்படியே இருக்கும், காம்பு மட்டும் மெலிந்துபோகும். கறுப்பு ஒட்டாத இடத்தில் அரம் படவே கூடாது. துளையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சுற்றிவரக் கறுப்பு விழுந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். நடுவில் கொஞ்சம் விட்டுப்போனாலும் பாதகமில்லை.

மேலே நீண்டிருக்கும் நுனியை அழகுக்காகத் தலையோடு சமமாக அறுத்துவிடாதீர்கள். வருஷா வருஷம் மரம் நசுங்க நசுங்கத் தலை மேலே ஏறிக்கொண்டே வரும், அந்த அரை அங்குலம்தான் அதற்கான சேமிப்பு. சேமிப்பு தீர்ந்து தலை நுனிக்கே வந்துவிட்டால், துளைக்குள் வருகிற இடத்தில் மெல்லிய தோல் பட்டை ஒன்றை ஒரு சுற்று ஒட்டி இறக்கிப் பார்க்கலாம், கொஞ்ச காலம் ஓடும். எறிகிற டோமஹாக் என்றால் அதற்கும் ஆசைப்படாமல் புதுக் காம்பு வாங்கிவிடுங்கள். எறிகிறவனுக்குக் காம்பு என்பது பேனாவுக்கு மை மாதிரி, தீரத்தான் தீரும்.

கேள்வி: ஊரில் மண்வெட்டி ஆடினால் இரவெல்லாம் தண்ணீர் வாளியில் போட்டு வைப்போம், காலையில் கல் மாதிரி இறுகியிருக்கும். டோமஹாக்கையும் அப்படியே செய்தேன். ஒரு வாரம் அருமையாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசமாக ஆடுகிறது. ஊர் வைத்தியம் கனடாவில் பலிக்காதா? (பிராம்ப்டன் வாசகர்)

பதில்: வைத்தியத்தில் கோளாறு இல்லை, நோயாளி மாறிவிட்டார். வயல் மண்வெட்டி தினமும் ஈரத்தில்தான் புழங்குகிறது, காய்வதற்குள் மறுநாள் தண்ணீர் பட்டுவிடும். உங்கள் டோமஹாக் ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் தொங்குகிறது.

தண்ணீரில் ஊறிய மரம் உப்பும். இரும்பு இடம் கொடுக்காது. அப்போது உள்ளே இருக்கும் நார்கள் ஒன்றையொன்று நெருக்கி நசுங்குகின்றன. காய்ந்து சுருங்கும்போது, நசுங்கினது நசுங்கினதாகவே நின்றுவிடும். ஆகவே ஊறவைப்பதற்கு முன் இருந்த அளவைவிடக் காம்பு சிறுத்துப்போகிறது. நீங்கள் மறுபடி ஊறவைப்பீர்கள், இன்னும் நசுங்கும். கடன் வாங்கிக் கடனை அடைக்கிற கதை. நானும் ஒரு காலத்தில் இதைச் செய்தவன்தான். ஊறவைத்து எடுத்த ஒரு கைக்கோடாலியை நம்பி விறகு பிளக்கப்போய், நாலாவது நாள் தலை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார், ஆனால் அன்றையிலிருந்து நான் கோடாலியைத் தொட்டால் அவர் உள்ளே போய்விடுவார்.

எவ்வளவுதான் சுருங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காம்புக்கு வழக்கமாகப் போடும் ஷாக்பார்க் ஹிக்கரி, பச்சையிலிருந்து முழுக்கக் காய்கிறவரை வளையத்தின் போக்கில் சுமார் 10.5 சதவீதமும் அதற்குக் குறுக்காக 7 சதவீதமும் சுருங்குகிற மரம். குளிர்காலத்தில் வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கும்போது மரத்துக்குள் இருக்கும் ஈரம் அதன் எடையில் 6 சதவீதம் போல வந்துவிடும். கோடையில் கராஜுக்குள் ஈரப்பதம் 70-ஐத் தொட்டால் அது 13 வரை ஏறும். அந்த வித்தியாசத்துக்கு 30 மில்லிமீட்டர் அகலமுள்ள காம்பு அரை மில்லிமீட்டருக்கு மேலேயே சுருங்கி விரிகிறது. தலை ஆடுவதற்கு அரை மில்லிமீட்டர் தாராளம். ஜூலையில் கச்சிதமாக இருந்தது ஜனவரியில் லொடலொடப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம். ஆகவே காம்பைத் திருத்திப் பொருத்துகிற வேலையைக் குளிர்காலத்தில், காம்பு இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் கிடந்து நன்றாகக் காய்ந்தபின் செய்யுங்கள். காய்ந்த நிலையில் சரியாகப் பொருத்தியது கோடையில் இறுகத்தான் செய்யும். ஹீட்டர் வாய்க்குப் பக்கத்தில் மாட்டி வைக்காதீர்கள்.

தண்ணீருக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில் தடவுங்கள். கடையில் ‘பாயில்ட்’ என்று விற்பது சீக்கிரம் காயும். பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். அது மரத்துக்குள் போய்த் தண்ணீர் மாதிரி ஆவியாகிவிடாமல் இறுகிப்போகும். காம்பின் இரண்டு நுனிகளிலும் இனிமேல் குடிக்காது என்கிறவரைக்கும் விடுங்கள், ஈரம் அதிகம் போய்வருவது அந்த வழியாகத்தான். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கம்பியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள். இது பயமுறுத்தலுக்குச் சொல்வதல்ல, வீடு எரிந்த கதைகள் நிஜம்.

கேள்வி: எங்கள் டோமஹாக்கின் தலையில் பக்கவாட்டில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதை முறுக்கினால் நிற்கிறது, இரண்டு நாளில் கழன்றுவிடுகிறது. எப்பாக்சி ஊற்றி ஒட்டிவிடலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா? (மிசிசாகா வாசகி)

பதில்: தம்பியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அந்தத் திருகு, கடையிலிருந்து வீடு வந்து சேர்கிறவரை தலை கழன்றுவிடாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். அதன் முனை மரத்தில் ஒரு குழி பறிக்கிறது. தலை அசையும்போதெல்லாம் குழி கோடாக நீளும், கோடு ஒருநாள் வெடிப்பாகும். அலன் கீயால் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, முதல் கேள்விக்குச் சொன்ன மாதிரிக் காம்பைப் பொருத்துங்கள். பலர் திருகை இறுக்கி வைத்துக்கொண்டே தலையைக் கட்டையில் தட்டி இறுக்கப் பார்க்கிறார்கள், அது எப்படி நகரும்?

எப்பாக்சி போட்டால் ஒட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த முறை காம்பு உடையும்போது, தட்டினால் வந்துவிடுகிற சாமானை ட்ரில் போட்டுக் குடைந்து எடுக்க வேண்டிவரும். சூடுகாட்டி எடுக்கலாமென்று தீயில் காட்டினால் வெட்டுவாயின் பதம் போய்விடும். சுவரில் மாட்டி அழகு பார்க்கிற டோமஹாக் என்றால் ஒட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை.

கேள்வி: நீங்கள் போன இதழின் ஓரத்தில் ‘டோமஹாக்குக்கு ஆப்பு கிடையாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் கடையில் டோமஹாக் என்று கேட்டு வாங்கியதில் ஆப்பு இருக்கிறதே! அதுவும் ஆடுகிறது. (மெல்பர்ன் வாசகர்)

பதில்: நீங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில். அங்கே சாதாரணக் கைக்கோடாலியையே டோமஹாக் என்கிறார்கள், சொல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து வேறு சாமானின்மேல் உட்கார்ந்துவிட்டது. உங்களுடையது காம்பு கீழிருந்து ஏறுகிற வகை. அதற்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது: இறுக்க வேண்டுமானால் நேராகப் பிடித்துக்கொண்டு காம்பின் அடியைத்தான் கட்டையில் குத்த வேண்டும். ஸ்காபரோக்காரரின் அப்பா செய்ததுதான் உங்களுக்குச் சரி.

அதற்கும் நிற்காவிட்டால் பழைய ஆப்பைப் பாருங்கள். உயர்ந்து வெளியே வந்திருந்தால் அடித்து இறக்குங்கள். இறங்கியும் ஆடினால் ஆப்பைப் பிடுங்கிவிட்டு, கொஞ்சம் தடித்ததாகப் புதிய ஆப்பு செதுக்கிக்கொள்ளுங்கள், பிளவின் முழு அகலத்துக்கும் வருகிற மாதிரி. பிளவு துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இறங்கியிருக்க வேண்டும், மேலோடு மட்டும் இருந்தால் ஆப்பு போய் முட்டி நின்றுகொள்ளும். இறுகின மாதிரித் தெரியும், இறுகியிருக்காது. இரும்பு ஆப்பை எடுத்த எடுப்பில் அடிக்காதீர்கள். மர ஆப்பு முழுக்க இறங்கினபின், இன்னும் போதவில்லை என்றால் மட்டும் அதற்குச் சாய்வாக ஒன்று அடிக்கலாம்.

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு பழஞ்சாமான் சந்தையில், ஒரு பக்கம் வெட்டுவாயும் மறுபக்கம் புகைக்கிண்ணமும் உள்ள டோமஹாக் வாங்கினேன். காம்பும் உள்ளே துளையுள்ள குழல். பழையது என்று விற்றவர் சொன்னார். தலை நன்றாகவே ஆடுகிறது. உங்கள் முறைப்படி ராவிப் பொருத்தலாமா? (பிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: கை வைக்காதீர்கள்! முதலில் அது என்ன என்று தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த மாதிரி டோமஹாக் புகைக்குழாய்களைச் சமீபத்தில் செய்து பழசாக்கி விற்பதும் உண்டு, நிஜமாகவே 18, 19-ஆம் நூற்றாண்டுச் சாமானாக இருப்பதும் உண்டு. பழையது என்றால், நீங்கள் ராவுகிற ஒவ்வொரு துகளும் அதன் சரித்திரம்தான், விலையும்தான். காம்பின் அந்த அழுக்கைக்கூடத் துடைக்க வேண்டாம். படுக்கையாகத் துணியில் வைத்துவிட்டால் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன.

இந்த வகை வெறும் ஆயுதமாக இருந்ததில்லை. ஒரு பக்கம் சண்டை, மறுபக்கம் சமாதானப் புகை, இரண்டும் ஒரே காம்பில். ஒப்பந்தப் பேச்சுகளின்போது வெள்ளைக்காரர்கள் பழங்குடித் தலைவர்களுக்கு இதைப் பரிசாகக் கொடுத்தார்கள். செனெகா மக்களின் தலைவர் கார்ன்பிளான்டருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் 1792-இல் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒன்று நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் இருந்தது, 1940-களின் கடைசியில் அங்கிருந்து காணாமல்போய், ஏறக்குறைய 70 வருஷம் கழித்து 2018-இல் திரும்பி வந்தது. இதில் காம்புக்காரனான எனக்குப் பிடித்த சங்கதி வேறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை அருங்காட்சியகத்துக்குச் சேர்ப்பித்த ஈலி பார்க்கர் என்ற செனெகாக்காரர், அதற்கு முன் பழைய காம்பை எடுத்துவிட்டுப் புதுக் காம்பு போடவைத்திருக்கிறார். 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் தெற்கின் தளபதி லீயின் சரணாகதி நிபந்தனைகளைத் தன் கையால் எழுதிய அதே பார்க்கர்தான். ஆக, அதன் தலை வாஷிங்டன் காலத்தது, காம்பு பார்க்கர் காலத்தது. அவர் மாற்றினாரே என்று நீங்களும் மாற்றக் கிளம்ப வேண்டாம், அது அவருடைய மக்களின் சாமான்.

புதிதாகச் செய்த நகல்தான் என்று உறுதியானால் தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் குழல் காம்புக்குச் சுவர் மெல்லிசு, மேல் நுனியில் ஓங்கித் தட்டினால் பிளந்துவிடும். தட்டுவதை விட்டுவிட்டு, மெல்லிய தோல் சுற்றிக் கையால் முறுக்கி இறக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆஷ் மரத்தைப் பூச்சி தின்று போன மாதம்தான் வெட்டினோம். ஹிக்கரிக் காம்புக்குப் பதில் அதில் காம்பு செய்ய மகன் கேட்கிறான். ஆகுமா? (விண்ட்சர் வாசகர்)

பதில்: ஆகும், ஆஷ் இந்த வேலைக்குப் பழகின மரம். அந்தக் காலத்துப் புகைக்குழாய் டோமஹாக்குகளுக்குப் பல இடங்களில் அதைத்தான் போட்டார்கள், நடுச்சோறு மெத்தென்று இருப்பதால் பழுக்கக் காய்ச்சின கம்பியால் சுட்டுத் துளை போட வசதி. உங்கள் மரத்தைத் தின்றது எமரால்ட் ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டாகத்தான் இருக்கும். 2002-இல் உங்கள் விண்ட்சரிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட் வட்டாரத்திலும்தான் அதை வட அமெரிக்காவில் முதன்முதல் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து கோடிக்கணக்கில் ஆஷ் மரங்கள் போய்விட்டன. ‘கோடாலிக் காம்பு குலத்துக்கு ஈனம்’ என்று நம் ஊரில் திட்டுவார்கள். இங்கே குலத்தை அழித்தது வண்டு, பாவம் காம்பின்மேல் பழி சொல்ல முடியாது.

ஒரே ஒரு நிபந்தனை. நின்றபடியே பட்டுப்போய் வருஷக்கணக்கில் ஆன ஆஷ் மொறமொறப்பாகிவிடும், காம்புக்கு உதவாது. வெட்டும்போது அடிமரத்தில் உயிர் இருந்ததா என்று பாருங்கள். ஒரு மெல்லிய சிராயை உரித்து வளைத்தால், சட்டென்று பட்டாசு மாதிரி ஒடிந்தால் விறகுக்குப் போடுங்கள். நார் இழுத்துக்கொண்டு பிசிறு பிசிறாக முறிந்தால் காம்புக்கு ஆகும். வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து எடுங்கள், அப்போதுதான் நார் ஓட்டம் நுனிமுதல் அடிவரை அறுபடாமல் வரும். முடிச்சு உள்ள பகுதியைத் தள்ளிவிடுங்கள். இரண்டடி நீளத் துண்டுகளாக, வேண்டியதற்கு மேலேயே நாலைந்து எடுத்து, இரண்டு நுனிக்கும் மிச்சம் கிடக்கும் பெயின்டையோ மெழுகையோ பூசி, மழை படாத நிழலில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். கனத்தில் அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது காய்கிற கணக்கு, உங்கள் துண்டு ஒன்றரை அங்குலமாவது இருக்கும். அதுவரைக்கும் பையனைக் கடைக் காம்போடு எறியச் சொல்லுங்கள்.